காலையில் மட்டும் நடுங்கிய பிக்கப்

எங்கள் பிக்கப் காலையில் நடுங்கும். பதினொரு மணிக்கு நடுங்காது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பதினான்கு நாட்கள் எடுத்தன. நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஆனால் அந்தப் பதினான்கு நாட்களும் எனக்குள் படிப்பு எதுவும் இருக்கவில்லை, பயம் மட்டுமே இருந்தது.

சாவகச்சேரியிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்தது எங்கள் வீடு. மகள் பிள்ளைத்தாச்சி, எட்டு மாதம் முடிந்திருந்தது. மருமகன் கொழும்பில் வேலை. சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் அவரால் வர முடியவில்லை. மருத்துவிச்சி மகளின் வயிற்றை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ரீச்சர், பிள்ளை தலைமேலாக் கிடக்குது. இனித் திரும்பும் எண்டு எனக்கு நம்பிக்கையில்லை. நோக் கண்ட உடனை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போயிடோணும். வீட்டிலை வைச்சுப் பாக்கிற அலுவல் இல்லை. விளங்குதோ?"

"ஓம்" என்றேன். யாழ்ப்பாணம் பன்னிரண்டு மைல். ஊரில் ஓடக்கூடிய நிலையில் இருந்த ஒரே வாகனம் எங்களுடையது.

என் கணவர் அந்தப் பிக்கப்பை மரக்கறி ஏற்றுவதற்காகப் பழையதாக வாங்கினார். டீசல் வாகனம். குடாநாட்டுக்கு எரிபொருள் வரத் தடை வந்த பிறகு டீசலைக் கண்ணால் காணவில்லை. எல்லோரையும் போல நாங்களும் மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெய் வறண்டது. டீசலில் இருக்கிற வழுவழுப்பு அதில் இல்லாததால் பம்ப் தேய்ந்து இறுகிவிடும். அதற்காகக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலப்பார்கள். கணவர் ஒரு கான் மண்ணெண்ணெய்க்கு ஒரு தேநீர்க் கோப்பை எண்ணெய் விட்டு, மூடியை இறுக்கி, கானைத் தோளில் தூக்கிக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, பழைய வேட்டித் துண்டால் வடித்துத்தான் தாங்கிக்குள் விடுவார். வாகனம் போனால் பின்னால் பலகாரம் சுடும் வாசம் வரும். ஒழுங்கையில் பிள்ளைகள் "வடை போகுது, வடை போகுது" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள்.

கார்த்திகை நடுவில், பக்கத்து ஊரில் ஒருவருடைய வானின் பம்ப் இறுகி, நடுவழியில் நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கலந்த எண்ணெய் போதாமல் போனதாம். மாற்றுவதற்குப் பம்ப் குடாநாட்டில் எங்கும் இல்லையாம். அன்று பின்னேரம் கணவர் தோட்டத்தில் நிற்கும்போது, நான் சமையலறைப் போத்தலைக் கொண்டுபோய் தாங்கிக்குள் ஒரு கோப்பை அளவு ஊற்றினேன். அவருடைய அளவில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. ஒரு கோப்பை எண்ணெயை நம்பித்தான் என் மகள் போக வேண்டும். அடுத்த வாரமும் ஊற்றினேன். மூன்றாம் முறை கொஞ்சம் கூடுதலாக. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சமையலுக்கு எண்ணெய் இல்லாத நேரத்தில் இதென்ன கூத்து என்று கேட்பார்.

மகள் மாசமான நாளிலிருந்து கணவர் தினமும் காலை ஆறரைக்கு வாகனத்தை ஐந்து நிமிடம் ஓட விட்டுப் பார்ப்பார். பற்றரி செத்து ஒரு வருடம். தள்ளித்தான் ஸ்ராட் பண்ண வேண்டும். முன்வீட்டு அண்ணை, இளைப்பாறிய தபால்காரர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். அவரும் நானும் தள்ளுவோம்.

"தங்கச்சி, நாங்கள் தள்ளின தூரத்தைக் கூட்டிப் பாத்தால் இப்ப அனுராதபுரம் தாண்டியிருப்பம்" என்பார்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள், வாகனம் ஸ்ராட் வந்தது. கணவர் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தார். எடுத்ததும் முழு வாகனமும் குலுங்கத் தொடங்கியது. கதவு அடித்தது. பொனற்றைக் கட்டியிருந்த கயிறு ஆடியது. நிற்கப் போகிறது போல் இழுத்து, பிறகு ஒரு துள்ளுத் துள்ளி, மறுபடி இழுத்தது. வெள்ளைப் புகை முற்றத்தை மூடியது. பிறகு நின்றுவிட்டது.

"எயர் பிடிச்சிட்டுது" என்றார் கணவர்.

பொனற்றைத் திறந்து, எண்ணெய் வடிகட்டும் பில்ரரின் மேலிருக்கும் கைப்பம்பை அமத்தி அமத்தி, நட்டைத் தளர்த்தி, குமிழி போகிறவரை விட்டு, இறுக்கினார். மறுபடி தள்ளினோம். மறுபடி நடுங்கியது. மண்ணெண்ணெய் வருகிற றப்பர்க் குழாயில் வெடிப்பு இருக்கும் என்று அதைக் கழற்றி, வெட்டி, சைக்கிள் ரியூப் துண்டு சுற்றிக் கட்டினார். அடுத்த நாளும் நடுங்கியது.

நடுக்கம் தொடங்கிய ஐந்தாம் நாள் சாவகச்சேரியிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவர் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. தள்ளினோம். எஞ்சின் பூனை மாதிரிச் சாதுவாக ஓடியது. நடுக்கமில்லை, புகையில்லை.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். "ரீச்சர், வருத்தம் வாகனத்துக்கில்லை."

"காலமை பாத்திருந்தால் இப்பிடிச் சொல்லமாட்டீர் தம்பி."

"என்ரை அம்மாவும் இப்பிடித்தான். வீட்டிலை நெஞ்சுநோ எண்டு உருளுவா. டொக்டரைக் கண்டால் எழும்பி இருந்து கதைப்பா."

இருந்தாலும் அவர் வேலையைச் சரியாகச் செய்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இஞ்செக்டருக்குப் போகும் நான்கு குழாய்களின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். எந்த நட்டைத் தளர்த்தினாலும் எஞ்சின் உடனே நொண்டியது. "நாலும் வேலை செய்யுது. ஒண்டு செத்திருந்தால் அதைத் தளர்த்தேக்குள்ளை வித்தியாசம் தெரியாது." பில்ரரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மஞ்சளாக இருந்தது, ஆனால் மண்ணெண்ணெய் அடைப்பில்லாமல் வடிந்தது. கழுவிப் பூட்டினார். அடுத்த நாள் காலை ஆறரைக்கு, மகளின் அறை யன்னல் அதிரும்படி, அதே நடுக்கம்.

நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று இன்றைய ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். சும்மா நிற்கும்போது நடுங்கினால் என்ன, ஓடும்போது ஓடுகிறதுதானே என்று கேட்கலாம். எங்களுடைய ஓட்டம் வேறு மாதிரி. யாழ்ப்பாணம் போகிற வழியில், பாலத்துக்கு முன்னால் ஒரு வெளி இருக்கிறது. பனையில்லை, வீடில்லை. இரண்டு பக்கமும் உப்புப் பூத்த தரவை நிலம். அந்த வெளியில் போகிற வாகனங்களை இராணுவ ஹெலிகொப்டர் மேலிருந்து சுட்டிருக்கிறது. அதனால் எந்தச் சாரதியும் கடைசிப் பனங்கூடலில் வாகனத்தை ஓரங்கட்டி, எஞ்சினை நிற்பாட்டி, தலையை வெளியே நீட்டி, வானத்தைக் கேட்பான். சத்தமில்லை என்றால் ஒரே ஓட்டமாக வெளியைக் கடப்பான். எங்கள் வாகனத்தை நிற்பாட்டினால் தள்ள வேண்டும். நிற்பாட்டாமல் மெதுவாக வைத்திருந்தால் தானே நின்றுவிடும். தள்ளுவதற்கு அங்கே ஒரு சனமும் இராது. வெளியின் நடுவில், மகள் நோவில் கிடக்க, இந்த வாகனம் நடுங்கி நடுங்கி அடங்குவதை நான் ஒவ்வொரு நாளும் மனதில் கண்டேன். கரும்பலகையில் எழுதும்போதும் கண்டேன்.

பயம் கூடக்கூட நான் செய்தது ஒன்றுதான். இன்னும் எண்ணெய் ஊற்றினேன். பம்ப் வறண்டுபோய்த்தான் நடுங்குகிறது என்று என் மனம் முடிவு கட்டியிருந்தது. இரண்டு நாளுக்கு ஒரு தரம், பின்னேரத்தில், போத்தலோடு நேராகத் தாங்கிக்கு.

பதின்மூன்றாம் நாள் கணவர் சந்தியில் மண்ணெண்ணெய் விற்கிறவரோடு சண்டை பிடித்தார். முன்வீட்டு அண்ணைதான் வந்து சொன்னார். "வரிசையிலை நிண்ட சனத்துக்கு முன்னாலை கள்ளன் எண்டிட்டார் தங்கச்சி. தண்ணி கலந்து விக்கிறாய், என்ரை பிள்ளையின்ரை உயிரோடை விளையாடுறாய் எண்டு. அந்தாள் அழுதிட்டுது." கணவர் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர். அன்று இரவு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை மகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலை எடுத்தேன். கவிழ்த்தேன், வரவில்லை. மார்கழிக் குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் இது புதினமில்லை. போத்தலைக் கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் வெயில் படும் இடத்தில் வைத்தேன். பத்து மணிக்குக் கரையத் தொடங்கும், பதினொரு மணிக்குத் தண்ணீராகிவிடும்.

கை போத்தலில் இருக்கவே எனக்கு விளங்கியது. 

கணவர் குலுக்கிக் கலந்தார். நான் கலக்கவில்லை, ஊற்றினேன். தேங்காயெண்ணெய் மண்ணெண்ணெயிலும் பாரம். அது கீழே போய், குழாய் உறிஞ்சுகிற இடத்திலேயே படிந்திருக்கிறது. இரவுக் குளிரில் குழாயிலும் பில்ரரிலும் இறுகி, வெயில் ஏற இளகி, எங்களை ஏய்த்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் உறைநிலை பற்றிச் சொல்லும்போது காட்டுகிற உதாரணமே தேங்காயெண்ணெய்தான்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. முதல்நாள்தான் அவர் ஒரு அப்பாவியைக் கள்ளன் என்று சபையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். கள்ளன் வீட்டுக்குள் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? பிள்ளை பிறக்கும் என்று மருத்துவிச்சி சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. நானே தாங்கியின் கீழ் ஆணியைக் கழற்றி எண்ணெயை வடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் இல்லாத நேரத்தில் சாக்கை விரித்துக் கீழே படுத்து, ஸ்பானரைப் போட்டு முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று எழும்பினேன். அடுத்த நாளும் பார்த்தேன். என் உள்ளங்கைத் தோல்தான் போனது.

பதினாறாம் நாள் காலை ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள். "அம்மா, தண்ணி போகுது. எல்லாம் நனைஞ்சு போச்சு."

அதன் பிறகு நடந்தவற்றை நான் ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். பிக்கப்பின் பின்பக்கம் மெத்தையைப் போட்டோம். மகளை ஏற்றினோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். முன்வீட்டு அண்ணை ஓடி வந்தார், அவருடைய மருமகனும் வந்தான். மூன்று பேரும் தள்ளினோம். வந்தது, நடுங்கியது, நின்றது. மறுபடி தள்ளினோம். ஒழுங்கை முடிவு வரை தள்ளிப் போய், நின்று, திருப்பி வீட்டுப் பக்கம் தள்ளி வந்தோம். அதற்குள் மகள் இரண்டு தரம் கத்திவிட்டாள். கணவர் பொனற்றைத் திறந்து கைப்பம்பை அமத்தினார். அது இறுகி நின்றது. 

"அந்த நாய் விக்கிற மண்ணெண்ணெய்..." என்றார்.

"அவர் இல்லை" என்றேன். "நான்."

"நீர் என்ன செய்தனீர்?"

"நான் தாங்கிக்குள்ளை எண்ணெய் விட்டனான். தேங்காயெண்ணெய். அது உறைஞ்சு போய்க் கிடக்குது."

அவர் என்னைப் பார்த்தார். முன்வீட்டு அண்ணை வேறு பக்கம் பார்த்தார். நான் அடிவாங்கக் காத்திருக்கிற பிள்ளை போல நின்றேன். முப்பது வருடத்தில் ஒருநாளும் அடிக்காதவர் முன்னால்.

"எப்ப தெரியும் உமக்கு?"

"முந்தநாள்."

அண்ணைதான் சத்தம் போட்டார். "பேந்து சண்டை பிடியுங்கோ, முதல்லை வாகனத்தைப் பாருங்கோ! சுடுதண்ணி இருக்கோ தங்கச்சி?"

மகளுக்குக் குளிக்க வார்க்கவென்று அடுப்பில் பெரிய பானை வைத்திருந்தேன். ஓடிப் போய்த் தூக்கி வந்தேன். என் கால் எரிந்தது பிறகுதான் தெரிந்தது. பில்ரரில் ஊற்றினார்கள். சாக்கை நனைத்துக் குழாயில் சுற்றி, அதற்கு மேலும் ஊற்றினார்கள். அண்ணையின் மருமகன் வாகனத்தின் கீழே புகுந்து தாங்கியின் அடியில் கொதிக்கும் சாக்கை வைத்து அமத்திப் பிடித்தான். கணவர் கைப்பம்பை அமத்தினார். முதலில் இறுக்கம், பிறகு கொஞ்சம், பிறகு இலகுவாக இறங்கியது. தள்ளினோம். வந்தது. நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை.

மிச்சச் சுடுதண்ணீரைப் பெரிய கேத்தலில் விட்டு, துணியால் சுற்றி, அண்ணை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். நான் பின்னால் மகளோடு.

கைதடி தாண்டி, கடைசிப் பனங்கூடல் வந்தது. கணவர் மெதுவாக்கினார். பின்பக்கச் சிறு யன்னலால் என்னிடம் கேட்டார்.

"நிப்பாட்டவோ?"

வாகன விஷயத்தில் அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவரும் பயந்திருந்தார். எஞ்சினின் இரைச்சலில் வானத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வழியில்லை. நிற்பாட்டினால் மறுபடி வருமா என்று தெரியாது.

"வேண்டாம். போங்கோ."

வெளிக்குள் இறங்கினோம். நான் மகளின் மேல் குனிந்து, தலையை மட்டும் நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காதால் செய்ய வேண்டியதைக் கண்ணால் செய்தேன். ஒவ்வொரு காகமும் ஹெலியாகத் தெரிந்தது. பாதி வெளி தாண்டியபோது கடலேரிப் பக்கம் ஒரு புள்ளி. காகமில்லை. அசையாமல் நின்றது, பிறகு பெருத்தது. நான் கபினின் மேல் இரண்டு கையாலும் அடித்தேன். அவர் மிதித்தார். வாகனம் பள்ளங்களில் தூக்கிப் போட்டது. மகள் "அம்மா அம்மா" என்று கத்தினாள். நான் அவளுக்கு மேல் படுத்தேன், என் பாரம் வயிற்றில் படாமல் முழங்கையை ஊன்றி. என்னால் சொல்லக்கூடியது அவ்வளவுதான். மறுபடி தலையைத் தூக்கியபோது புள்ளி சின்னதாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. எங்களைக் காணவில்லையோ, கண்டும் விட்டதோ தெரியாது.

பாலத்தின் வாயில் ஒரு மாட்டுவண்டி. விறகு ஏற்றி, எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஒரு வண்டிதான் போகலாம். கணவர் நிறுத்த வேண்டியதாயிற்று. அக்சிலேற்றரிலிருந்து கால் எடுத்தவுடன் அந்தப் பழைய இழுப்புத் தொடங்கியது. கதவு அடித்தது, மகளின் தலை மெத்தையில் ஆடியது. அண்ணை கேத்தலோடு குதித்தார். பொனற்றைத் தூக்கி, பில்ரரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மாட்டுக்காரன் வண்டியில் இருந்தபடி, "என்ன ஐயா, எஞ்சினுக்குத் தேத்தண்ணியோ?" என்று கேட்டான்.

"ஓமடா, சீனி இல்லை. முதல்லை உன்ரை மாட்டை அடிச்சுக் கலை!"

மகள் நோவு விட்ட இடைவெளியில் கண்ணைத் திறந்தாள். "ஏன் அம்மா சுடுதண்ணி ஊத்துறார்?"

நான் அவளுடைய நெற்றி வியர்வையைத் துடைத்தேன். வண்டி எங்களைத் தாண்டியது. எஞ்சின் ஒரு தரம் அடங்கப் போய், மீண்டு, பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கொண்டு போனார்கள். வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பெண்பிள்ளை. டொக்டர் வெளியே வந்து, நெற்றியைத் துடைத்தபடி சொன்னார். "இரண்டு பேரும் தப்பீட்டினம். ஒரு கால் வெளியிலை வரத் துடங்கியிட்டுது. இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால்..." அவர் கையுறையைக் கழற்றினார். "நல்லகாலம், வாகனம் இருந்தது."

கணவர் என்னைப் பார்க்காமல், "ஓம் டொக்டர், வாகனம் பிழையில்லை" என்றார்.

பிறகு மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"எவ்வளவு விட்டனீர்?"

"இரண்டு கோப்பை" என்றேன். உண்மையில் ஏழு இருக்கும்.

அவர் தலையை ஆட்டினார். அடுத்த நாள் ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மண்ணெண்ணெய்க் கடைக்குப் போய், அதே வரிசைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பிழை என்னுடையது என்று அங்கே சொல்லவில்லையாம். இதையும் அண்ணைதான் எனக்குச் சொன்னார். கணவர் அதைப் பற்றி இறக்கும்வரை என்னோடு கதைத்ததில்லை.

ஆறாம் நாள், வார்ட்டில், மகள் மறுபடி கேட்டாள். வேறு யாரும் கிட்ட இல்லை. பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் நித்திரை. "அண்டைக்கு ஏன் அம்மா சுடுதண்ணி ஊத்தினவை?"

இந்த முறை சொன்னேன். போத்தலையும், ஏழு கோப்பையையும், கிணற்றுக்கட்டையும், பேசாமல் இருந்த இரண்டு நாளையும். குரலைத் தாழ்த்தி, ஒன்றையும் விடாமல். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும், தையல் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு கையை ஊன்றி, பிள்ளையை என் பக்கத்திலிருந்து தூக்கி மற்றப் பக்கம் கிடத்தினாள். பால் கொடுக்க அந்தப் பக்கம் வசதியாக இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.